முயல் படம் போட்டிருந்தால் நம்பிவிடலாமா?

கேள்வி: திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் வீட்டின் முன்னறையிலேயே சின்னதாக ஒரு பியூட்டி பார்லர் வைத்திருக்கிறேன். கல்லூரியில் சேர்ந்திருக்கும் என் மகள், முயல் கண்ணில் ஷாம்பூவை விட்டுச் சோதிக்கிற வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு தினமும் சண்டை போடுகிறாள். பார்லரில் இருக்கிற அத்தனையையும் தூக்கிப் போட்டுவிட்டு இனிமேல் 'க்ருயல்ட்டி ஃப்ரீ' பொருள்தான் வாங்க வேண்டுமாம். நான் சவுகார்பேட்டையில் மொத்தமாக வாங்குகிறவள். சில சாமான் பர்மா பஜாரிலும் எடுப்பேன். கடைக்காரரைக் கேட்டால், "இந்தியாவுல எல்லாமே க்ருயல்ட்டி ஃப்ரீதாம்மா, கவலைப்படாதீங்க" என்கிறார். யார் சொல்வது சரி? டப்பாவில் முயல் படம் இருந்தால் நம்பலாமா? மிருகத்தின் மேல் சோதிக்காத க்ரீமை கஸ்டமர் முகத்தில் போட்டு ஏதாவது ஆகிவிட்டால்? எங்கள் தெருவில் த்ரெடிங்குக்கே பேரம் பேசுவார்கள். விலை கூடினால் எனக்குத் தாங்காது. என்ன செய்யட்டும்?

அழகுசாதன வேதியியலாளரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைக்காரர் சொன்னதில் முக்கால் பங்கு சரி. மிச்சம் கால் பங்கில்தான் உங்கள் மகளின் கேள்வி இருக்கிறது. முதலில் அந்த முக்கால் பங்கைப் பார்ப்போம்.

அழகுசாதனப் பொருளை விலங்கின் மேல் சோதிப்பதை இந்தியா 2014 மே மாதம் தடை செய்தது. 1945ஆம் ஆண்டின் மருந்து, அழகுசாதன விதிகளில் 148-சி என்று ஒரு விதியைச் சேர்த்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் 135-பி வந்தது: அதற்குப் பிறகு விலங்கின் மேல் சோதித்த அழகுசாதனப் பொருளை வெளிநாட்டிலிருந்து கொண்டுவரவும் கூடாது. நவம்பரிலிருந்து அது அமலில் இருக்கிறது. 2020 டிசம்பரில் அழகுசாதனத்துக்கென்று தனி விதிகள் வந்தபோதும் இந்தத் தடையை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஆகவே முறையான உற்பத்தி உரிமத்தோடு இந்தியாவில் தயாராகும் ஃபேஸ் வாஷையோ ஷாம்பூவையோ இங்கே முயல் கண்ணில் விட முடியாது, விட்டால் குற்றம். உரிமம் உள்ள ஒரு கம்பெனி தன் அட்டையில் "விலங்குகளில் சோதிக்கப்படவில்லை" என்று பெரிதாகப் போட்டுக்கொண்டு இருபது ரூபாய் கூட்டி விற்றால், சட்டப்படி செய்தே ஆக வேண்டிய ஒன்றுக்கு உங்களிடம் காசு கேட்கிறது என்று அர்த்தம்.

உங்கள் மகள் பார்த்தது பெரும்பாலும் ட்ரெய்ஸ் சோதனையாக இருக்கும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தில் இருந்த ஜான் ட்ரெய்ஸ் 1944இல் எழுதி வைத்த முறை அது. முயலின் ஒரு கண்ணின் கீழ் இமையை இழுத்து, பை மாதிரி வரும் இடத்தில் 0.1 மில்லி திரவத்தை விடுவார்கள். மற்றக் கண்ணைத் தொடாமல் ஒப்பிட்டுப் பார்க்க வைத்துக்கொள்வார்கள். 1, 24, 48, 72 மணி நேரத்தில் சிவப்பு, வீக்கம், கருவிழி மங்கல் இவற்றுக்கு மதிப்பெண் போடுவார்கள். ஆறவில்லை என்றால் 21 நாள் வரை கவனிப்பார்கள். முயலுக்குக் கண்ணீர் குறைவாகச் சுரக்கும், அதனால் மருந்து சீக்கிரம் கழுவிப் போகாது. அதைத் தேர்ந்தெடுக்க அதுவும் ஒரு காரணம், சோதனையின் முடிவு மனிதக் கண்ணோடு ஒத்துப்போகாமல் போனதற்கும் அதுவே ஒரு காரணம். தோல் எரிச்சலுக்கு முயலின் முதுகு முடியை மழித்துத் தடவுவார்கள். அலர்ஜிக்கு கினிப் பன்றி, பிறகு எலியின் காது.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். மிருகத்தில் சோதிக்காத பொருள் என்றால் எதிலும் சோதிக்காத பொருள் என்று அர்த்தமில்லை. மனிதத் தோல் செல்களை ஆய்வகத்தில் அடுக்கடுக்காக வளர்த்து, அந்தச் செயற்கைத் தோலின் மேல் பொருளைப் பூசி எத்தனை செல் பிழைக்கிறது என்று அளக்கிறார்கள். பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பின் சோதனை வழிகாட்டி வரிசையில் இதற்கு எண் 439. கண்ணுக்கு, இறைச்சிக்காக அறுக்கப்பட்ட மாட்டின் கருவிழியைக் கொண்டு செய்யும் சோதனை இருக்கிறது, எண் 437. (மாட்டுக் கருவிழியை வைத்துச் செய்வதை உங்கள் மகள் ஏற்பாளா என்பது வேறு விஷயம். சோதனைக்கென்று தனியாக ஒரு விலங்கைக் கொல்வதில்லை என்பதுதான் அதன் நியாயம்.) அலர்ஜிக்கு, அந்த ரசாயனம் புரதத்தோடு ஒட்டுகிறதா என்று சோதனைக்குழாயிலேயே பார்க்கும் முறை இருக்கிறது. கடைசியாக, சம்மதம் தெரிவித்த மனிதர்களின் முதுகிலோ கையிலோ பேட்ச் ஒட்டி 24 மணி நேரம் வைத்துப் பார்ப்பார்கள்.

ஆனாலும் எந்தச் சோதனையும், முயலோ செயற்கைத் தோலோ, உங்கள் கஸ்டமர் ஒருவருக்கு ஹேர் டை ஒத்துக்கொள்ளுமா என்று சொல்லாது. டையில் இருக்கும் பாரா-ஃபினைலீன்டையமின் பத்துப் பேருக்கு ஒன்றும் செய்யாது. பதினோராவது ஆளுக்கு முகமே வீங்கிவிடும். அதனால்தான் அந்த மாதிரி டை பாக்கெட்டில், முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும், இமைக்கும் புருவத்துக்கும் போடக்கூடாது, பார்வை போகலாம் என்ற எச்சரிக்கையை ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் அச்சடிக்கச் சட்டம் சொல்கிறது. டை போடுவதற்கு 48 மணி நேரம் முன்பு, கலந்த டையில் ஒரு துளியைக் காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உள்பக்கத்திலோ வைத்துப் பாருங்கள். "போன தடவை ஒண்ணும் ஆகலையே" என்று கஸ்டமர் சொன்னாலும் விடாதீர்கள், இந்த அலர்ஜி பல தடவை போட்ட பிறகும் கிளம்பலாம். முயல் முத்திரை உள்ள டை என்பதால் இந்த வேலையைத் தள்ளிவிட முடியாது. 'ஹெர்பல்', 'மருதாணி' என்று பெயர் போட்டு உள்ளே இதே ரசாயனத்தைக் கலக்கும் பாக்கெட்டுகளும் உண்டு, பின்பக்கப் பட்டியலைப் பாருங்கள்.

சரி, அந்தக் கால் பங்கு.

முதல் ஓட்டை, மூலப்பொருள். முழுப் பொருளைச் சோதிக்காமல் இருந்தாலும், உள்ளே போகும் ரசாயனம் ஒன்றை வேறொரு நாட்டில், வேறொரு சட்டத்துக்காகச் சோதித்திருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2013 மார்ச் 11 முதல் விலங்கில் சோதித்த அழகுசாதன விற்பனையையே முழுசாக நிறுத்திவிட்டது. ஆனால் அதே ஒன்றியத்தில் தொழிலாளர் பாதுகாப்பையும் பார்க்கும் ரசாயனச் சட்டம் வேறு மாதிரி கேட்கிறது. சன்ஸ்கிரீனுக்கு மட்டுமே பயன்படும் ஹோமோசலேட் உட்பட இரண்டு பொருள்களுக்கு விலங்குச் சோதனைத் தரவு கொடுக்க வேண்டும் என்று ரசாயன முகமை கேட்டது, தயாரிப்பாளர் வழக்குப் போட்டார், 2023 நவம்பரில் ஐரோப்பியப் பொது நீதிமன்றம் முகமையின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆக "எங்கள் பொருளைச் சோதிப்பதில்லை" என்று ஒரு கம்பெனி சொல்வது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் கதை அதோடு முடியவில்லை.

இரண்டாவது, சீனா. அங்கே இறக்குமதியாகும் அழகுசாதனத்துக்கு விலங்குச் சோதனை பல வருடம் கட்டாயமாக இருந்தது. 2021 மே 1 முதல் சாதாரண ரகப் பொருள்களுக்கு, உரிய சான்றிதழ் கொடுத்தால் விலக்குக் கொடுக்கிறார்கள். ஹேர் டை, சன்ஸ்கிரீன், நிறம் வெளுக்கும் க்ரீம், முடி உதிர்வுக்கான பொருள் போன்ற 'சிறப்பு' ரகத்துக்கு அந்த விலக்குக் கிடையாது. பன்னாட்டு பிராண்டு ஒன்றின் பதிலில் "சட்டம் கேட்டால் தவிர நாங்கள் சோதிப்பதில்லை" என்ற வரி வந்தால், அந்த 'தவிர'வைக் கவனியுங்கள். சோதனை கேட்கிற ஊரில் கடை போட்டிருக்கிறோம் என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள்.

மூன்றாவது, உங்கள் அலமாரியிலேயே அழகுசாதனம் அல்லாத பொருள்கள் இருக்கின்றன. 'ஆயுர்வேத மருந்து' என்ற உரிமத்தில் வரும் சோப்பு, கூந்தல் தைலம், பற்பசை ஆகியவை சட்டத்தின் கண்ணில் மருந்து. பொடுகுக்குக் கீட்டோகொனசோல் போட்ட ஷாம்பூவும் அப்படியே. அழகுசாதனத் தடை இவற்றை நேரடியாகத் தொடாது. அதற்காக இவற்றையெல்லாம் முயலில் சோதித்திருப்பார்கள் என்று பொருள் கொள்ள வேண்டாம். "இந்தியாவில் எல்லாமே" என்ற கடைக்காரரின் வாக்கு இங்கே செல்லாது, அவ்வளவுதான். கொசுவிரட்டித் திரவம், சுருள் எல்லாம் 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் பதிவாகின்றன, பதிவுக்கு விலங்கு நச்சுத்தன்மைத் தரவு கேட்பார்கள். மகள் அதிலும் சண்டைக்கு வந்தால் வலைதான் கட்ட வேண்டியிருக்கும். உங்கள் பக்கத்துக் கொசுவுக்கு அது ஒன்றும் மோசமான யோசனையும் இல்லை.

முயல் படத்துக்கு வருவோம். முயலை யார் வேண்டுமானாலும் வரையலாம். வெறும் காது நீண்ட ஒரு உருவமும் கீழே 'க்ருயல்ட்டி ஃப்ரீ' என்ற எழுத்தும் இருந்தால் அதற்கு மதிப்பு ஒன்றுமில்லை. முத்திரையோடு ஒரு அமைப்பின் பெயர் இருக்க வேண்டும். அந்த அமைப்பின் இணையதளப் பட்டியலில் பிராண்டின் பெயரும் இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால்தான் முத்திரை.

பரவலாகக் கிடைப்பவை இரண்டு. தாவும் முயலும் நட்சத்திரங்களும் உள்ள 'லீப்பிங் பன்னி' கொஞ்சம் கறாரானது. கம்பெனி ஒரு கட்-ஆஃப் தேதியைச் சொல்ல வேண்டும், அந்தத் தேதிக்குப் பிறகு தன் மூலப்பொருள் சப்ளையர் வரைக்கும் புதிய விலங்குச் சோதனை நடக்கவில்லை என்று கண்காணிக்க வேண்டும், வெளி ஆள் வந்து தணிக்கை செய்ய ஒப்புக்கொள்ள வேண்டும். 'பீட்டா'வின் பட்டியல் பெரும்பாலும் கம்பெனி எழுத்தில் கொடுக்கும் உறுதிமொழியை நம்பி நடக்கிறது. அதிலேயே இரண்டு வகை: விலங்குச் சோதனை இல்லாதது ஒன்று, அதோடு விலங்குப் பொருளும் கலக்காதது இன்னொன்று. என் கணிப்பில், லீப்பிங் பன்னி கிடைத்தால் முதலில் அது. கிடைக்காத இடத்தில் பீட்டா பட்டியல் போதும். சின்ன இந்தியக் கம்பெனிகள் பலவற்றுக்குத் தணிக்கைச் செலவு கட்டுப்படியாகாது, முத்திரை இல்லாததாலேயே அவற்றை ஒதுக்குவது சரியில்லை.

தாய்க் கம்பெனி விஷயத்தில் உங்கள் மகளுக்கும் எனக்கும் கருத்து வேறுபடலாம். டவ் 2018இல் பீட்டா பட்டியலுக்கு வந்தது, கார்னியர் 2021இல் லீப்பிங் பன்னி வாங்கியது. இரண்டுமே பெரிய பன்னாட்டுக் கம்பெனிகளின் பிராண்டுகள், அந்தக் கம்பெனிகளின் எல்லாப் பிராண்டுக்கும் முத்திரை கிடையாது. "தாய்க்கம்பெனிக்குத்தானே லாபம் போகிறது" என்று வாங்க மறுப்பவர்கள் உண்டு. உங்கள் பட்ஜெட்டுக்கு நான் வாங்கலாம் என்றே சொல்வேன். முக்குக் கடையிலும் கிடைக்கிற, விலை கட்டுப்படியாகிற முத்திரைப் பொருள் இவைதான். எந்த பிராண்டு ஓடுகிறது என்பதும் தலைமையிடத்துக்குக் கணக்காகப் போகும்.

முத்திரை இல்லாத பிராண்டுக்கு, அட்டையில் இருக்கும் வாடிக்கையாளர் மெயிலுக்கு எழுதிக் கேளுங்கள். மகளையே எழுதச் சொல்லுங்கள். "உங்கள் பொருள் க்ருயல்ட்டி ஃப்ரீயா" என்று கேட்டால் "ஆம்" என்று ஒரு வரி வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இப்படிக் கேட்கச் சொல்லுங்கள்: முழுப் பொருளையோ மூலப்பொருளையோ நீங்களோ உங்களுக்காக வேறு யாருமோ விலங்கில் சோதிக்கிறீர்களா? சப்ளையரிடம் எழுத்தில் உறுதி வாங்கியிருக்கிறீர்களா, எந்தத் தேதியிலிருந்து? விலங்குச் சோதனையைக் கட்டாயமாகக் கேட்கும் நாட்டில் இதே பிராண்டை விற்கிறீர்களா? மூன்றுக்கும் நேரான பதில் வந்தால் வாங்கலாம். முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லி மற்ற இரண்டையும் விழுங்கினால், அதுவும் ஒரு பதில்தான்.

இதற்கெல்லாம் முன்னால் உங்கள் விஷயத்தில் ஒரு வேலை இருக்கிறது. சவுகார்பேட்டையிலும் பர்மா பஜாரிலும் நீங்கள் வாங்கிவரும் பையைச் சரிபார்ப்பது. உரிமமே இல்லாத பொருளில் முயலைத் தேடுவது வீண். போலி ஃபேஷியல் கிட்டில் லீப்பிங் பன்னியையும் சேர்த்தே அச்சடித்திருப்பான், அவனுக்கென்ன செலவு.

உள்நாட்டுப் பொருள் என்றால் தயாரிப்பாளர் முகவரி, உற்பத்தி உரிம எண், தயாரிப்புத் தொகுதி (பேட்ச்) எண், தயாரித்த மாதம், காலாவதி, எம்.ஆர்.பி. ஆகியவற்றைப் பாருங்கள். வெளிநாட்டுப் பொருள் என்றால் இறக்குமதியாளரின் இந்திய முகவரியும், இறக்குமதிப் பதிவுச் சான்றிதழ் எண்ணும், ரூபாயில் விலையும் இருக்க வேண்டும். பர்மா பஜாரில் கொரிய எழுத்தோ அரபு எழுத்தோ மட்டும் உள்ள டப்பாவை நீட்டி "ஒரிஜினல் மேடம்" என்றால், அது உண்மையாகவே ஒரிஜினலாக இருந்தாலும், 135-பி சொன்ன இறக்குமதி வடிகட்டியைத் தாண்டி வந்த பொருள் இல்லை. எந்த ஊருக்காகத் தயாரானது, அங்கே என்ன சோதனை கேட்டார்கள் என்று உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. மொத்தக் கடையில் கிலோ டப்பாவைப் பிரித்துச் சின்ன டப்பாவில் ஊற்றிக் கொடுப்பதை வாங்கவே வேண்டாம். பில் கேட்டு வாங்குங்கள், பிராண்டின் பெயரோடு.

விலங்கில் சோதிக்காதது, விலங்குப் பொருள் கலக்காதது இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்கிறார்கள். முதலாவது செய்முறை பற்றியது, இரண்டாவது உள்ளே இருப்பது பற்றியது. சோப்பு உறையில் பச்சைப் புள்ளி இருந்தால் உள்ளே விலங்குக் கொழுப்பு இல்லை என்றுதான் பொருள். சோதனை பற்றி அந்தப் புள்ளி ஒன்றும் சொல்லாது. மகள் இரண்டையும் கேட்கிறாள் என்றால் பட்டியலில் தேட வேண்டிய பெயர்கள் இவை. சோப்பில் சோடியம் டாலோவேட், அது மாட்டுக் கொழுப்போ ஆட்டுக் கொழுப்போ. லிப் பாமில் லானோலின், அது ஆட்டு ரோமத்தின் மெழுகு. காஜலிலும் வாக்ஸிலும் செரா ஆல்பா, தேன்மெழுகு. ஹேர் ஸ்பாவில் கெரட்டின். சிவப்பு லிப்ஸ்டிக்கில் சி.ஐ. 75470 என்ற எண் இருந்தால் கார்மைன். கள்ளிச்செடியில் வாழும் கோச்சினீல் பூச்சியைக் காயவைத்து அரைத்த சாயம். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிந்தியக் கும்பினியின் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் இந்தப் பூச்சியை வளர்க்க நம் சைதாப்பேட்டையிலேயே சப்பாத்திக்கள்ளித் தோட்டம் போட்டார் என்றால் அதன் விலை என்னவாக இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கிளிசரினும் ஸ்டீரிக் அமிலமும் பாமாயிலிலிருந்தும் வரும், கொழுப்பிலிருந்தும் வரும். பெயரை வைத்துச் சொல்ல முடியாது, கம்பெனியைத்தான் கேட்க வேண்டும்.

'பேர்ல் ஃபேஷியல்', 'ஹனி ஃபேஷியல்' கிட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு சதவீதத்துக்கு மேல் இருக்கும் பொருள்களை அளவின் இறங்குவரிசையில் எழுத வேண்டும், அதற்குக் கீழே இருப்பவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம் என்பது விதி. ஃபீனாக்ஸிஎத்தனால் என்ற பதனப்பொருளின் உச்சவரம்பே ஒரு சதவீதம். பட்டியலில் அதற்குப் பிறகு முத்தோ தேனோ வந்தால், பெயருக்காக ஒரு சிட்டிகை போட்டிருக்கிறார்கள் என்று கணக்குப் போடுங்கள். அந்தப் பெயருக்குக் கொடுக்கும் காசை மிச்சப்படுத்தி, முத்திரை உள்ள சாதாரண மசாஜ் க்ரீமுக்குப் போடலாம்.

பலரும் மறக்கிற இடம் பிரஷ். ஃபவுண்டேஷன் பிரஷ், பவுடர் பிரஷ் எல்லாம் ஆட்டு முடி, அணில் முடியில் வருவதுண்டு. 'நேச்சுரல் ஹேர்' என்று போட்டிருந்தால் அது விலங்கு முடிதான். பெயரே இல்லாத பிரஷ் செட்டாக இருந்தால் அடியிலிருந்து இரண்டு முடியை இழுத்து, ட்வீசரில் பிடித்து மெழுகுவர்த்தியில் காட்டுங்கள். தலைமுடி பொசுங்கும் நாற்றம் வந்து, கையால் நசுக்கினால் பொடியாகும் சாம்பல் விழுந்தால் விலங்கு முடி. சுருண்டு உருகி, முனையில் கெட்டியான மணி மாதிரி நின்றால் நைலான். நெயில் பாலிஷ் ரிமூவரும் ஸ்பிரிட்டும் இருக்கிற மேசையில் இதைச் செய்யாதீர்கள், சமையலறையில் செய்யுங்கள். க்ரீமுக்கும் ஃபவுண்டேஷனுக்கும் நைலான் பிரஷ்தான் வசதியும்கூட. அது பொருளைக் குடிக்காது, கழுவினால் சீக்கிரம் காயும்.

நலங்கு மாவும் சீயக்காயும் இந்தக் கவலைக்குள்ளேயே வராது. ஆனால் நாட்டு மருந்துக் கடையில் வாசனைக்கென்று புனுகு, கோரோசனை கொடுத்தால் மறுத்துவிடுங்கள். முன்னது புனுகுப்பூனையின் சுரப்பு, பின்னது மாட்டுப் பித்தப்பைக் கல். ஜவ்வாதுப் பொடியில் சிலர் புனுகு சேர்ப்பார்கள், கேட்டு வாங்குங்கள். கஸ்தூரி மஞ்சள் வெறும் கிழங்குதான், மானுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மாவு அரைத்தால் உங்கள் ஊர்க் கடல்காற்றில் சீக்கிரம் ஈரம் இழுக்கும். பச்சைப்பயறு, ரோஜா இதழ், ஆவாரம்பூ எல்லாம் மொறுமொறுவென்று காய்ந்த பிறகே மில்லுக்குக் கொடுங்கள். அரைத்த சூடு ஆறியதும் அரைக்கிலோவுக்கு மேல் ஒரே டப்பாவில் போடாமல் பிரித்து வையுங்கள், ஈரக்கையை உள்ளே விடாதீர்கள். அதைப் பாக்கெட் போட்டு விற்கப் போனால் மட்டும் உரிமம் வாங்க வேண்டும்.

விலைக்கு ஒரு கணக்கு. ஒரு ஃபேஷியலுக்கு மசாஜ் க்ரீம் சுமார் 12 கிராம் போகும் என்று வைத்துக்கொள்வோம். முத்திரை உள்ள 500 கிராம் டப்பா, இப்போது வாங்குவதைவிட 150 ரூபாய் கூடுதல் என்றால், கிராமுக்கு 30 பைசா, ஒரு ஃபேஷியலுக்கு 3 ரூபாய் 60 காசு. அதை விலையில் ஏற்றத் தேவையே இல்லை. ஆகவே சீக்கிரம் தீர்கிற, கிராம் கணக்கில் போகிற பொருள்களை முதலில் மாற்றுங்கள்: க்ளென்சிங் மில்க், மசாஜ் க்ரீம், ஷாம்பூ. லிப்ஸ்டிக், ஐ ஷேடோ பல மாதம் ஓடும், அவை தீரும்போது பார்க்கலாம். ஹேர் டையைக் கடைசியாக வையுங்கள். அதில் கஸ்டமரின் தோலுக்கு ஒத்துவந்த ஷேடை மாற்றுவது தனி வேலை, புதிதாக மறுபடி பேட்ச் டெஸ்ட் செய்ய வேண்டும்.

முத்திரையே இல்லாமல் க்ருயல்ட்டி ஃப்ரீ என்று போட்டு, கேட்டால் ஆதாரம் காட்டாத கம்பெனி மேல் புகார் கொடுக்கலாம். 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த பசுமைப் பூச்சு (இயற்கைக்கு நல்லது என்று ஆதாரமில்லாமல் சொல்லும்) விளம்பரங்களுக்கான வழிகாட்டி, ஆதாரமும் விளக்கமும் இல்லாமல் பயன்படுத்தக் கூடாத பொதுப்படையான சொற்களில் இதையும் சேர்த்திருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அட்டையின் இரண்டு பக்கப் போட்டோவும் பில்லும் கையில் இருக்கட்டும்.

இப்போது இருக்கிற சரக்கைத் தூக்கிப் போட வேண்டாம். சோதனை நடந்திருந்தால் அது நடந்து முடிந்த ஒன்று, க்ரீமைக் குப்பையில் கொட்டுவதால் எந்த முயலுக்கும் லாபமில்லை, நஷ்டம் உங்களுக்கு மட்டும். காலாவதி பார்த்து, முகவரியும் உரிம எண்ணும் இல்லாதவற்றை மட்டும் இன்றே தனியாக எடுத்துவிடுங்கள். அவற்றைக் கஸ்டமருக்கும் போடாதீர்கள், வீட்டிலும் போடாதீர்கள். மற்றதைத் தீர்த்துவிட்டு அடுத்த வாங்கலில் மாற்றுங்கள். தீர்ந்த ஜாடியை அப்படியே காயலாங்கடைக்குப் போடாதீர்கள். நல்ல பிராண்டின் காலி ஜாடிதான் போலிக்காரனுக்கு மூலப்பொருள். லேபிளைக் கிழித்து, மூடியைப் பிரித்து, அடியில் சூடான கம்பியால் ஒரு ஓட்டை போட்டுக் கொடுங்கள்.